முதல் ஆல்பத்தை உறையில் போட்டு அனுப்பப்போவது யார்?

என் அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அவனும் மூன்று நண்பர்களுமாக ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். பத்துப் பாட்டு பதிவாகி, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்து கையில் இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டான். “மாமா, ஒரு சின்ன லேபிள்ல கேக்கறாங்க. குடுத்துடலாமா, நாங்களே ரிலீஸ் பண்ணிடலாமா?” பாட்டைப் பற்றி என்னிடம் அவன் ஒருநாளும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கணக்கு வழக்கு என்று வந்தால்தான் மாமா ஞாபகம் வரும்.

போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லேபிள் என்பது பாட்டை வெளியிட்டு விற்கும் நிறுவனம், புத்தகத்துக்குப் பதிப்பகம் மாதிரி. தமிழில் புத்தகம் போட்டவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது. பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டு ராயல்டிக்குக் காத்திருக்கலாம். அல்லது சொந்தமாக அச்சடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாய் வைத்துக்கொண்டு படுக்கலாம்.

சொந்த வெளியீடு என்றாலே எனக்கு 2005-ம் வருடத்துக் கதை ஒன்றுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ‘கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா’ என்று ஓர் ஐவர் குழு. பாடகர் அலெக் ஔன்ஸ்வொர்த் பிலடெல்பியாக்காரர், மற்றவர்கள் நியூயார்க்கின் புரூக்ளின் பக்கம் இருந்தார்கள். குழுவின் பெயரையே வைத்து முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். லேபிளும் கிடையாது, விளம்பரத்துக்கு என்று பெரிய ஏற்பாடும் கிடையாது. முதல் பாட்டு, திருவிழாவில் கூடாரத்து வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவன் கத்துவது போலத் தொடங்கும். அப்புறம் ஔன்ஸ்வொர்த்தின் குரல். அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று கடைசிவரை தெரியாது. எந்த லேபிள்காரராக இருந்தாலும் அந்த முதல் பாட்டைத் தூக்கிவிட்டு, நன்றாக ஓடக்கூடிய ஒன்றை முன்னால் வைக்கச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். சொல்ல ஆள் இல்லாததால் அது அப்படியே வந்தது.

அந்த ஜூன் மாதம் பிட்ச்ஃபோர்க் விமர்சனத் தளம் அதற்குப் பத்துக்கு 9.0 கொடுத்தது. அந்தக் காலத்தில் அந்த எண்ணுக்கு இருந்த மதிப்பு இன்றைக்கு எந்த விமர்சனத்துக்கும் கிடையாது. இசை வலைப்பதிவுகளும் சேர்ந்து கொளுத்திப்போட, ஆர்டர்கள் குவிந்தன. ராக் உலகின் பெரிய தலைகளான டேவிட் போவியும் டேவிட் பர்னும் கச்சேரி பார்க்க வந்தார்கள். குழுக்காரர்களோ சிடியை உறையில் போட்டு, முகவரி எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தை மட்டும் அக்கா மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆல்பம் விற்கவில்லை என்றால் சொந்த வெளியீட்டில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. போட்ட பணம் போகும், கொஞ்ச நாள் மனசு வலிக்கும், அவ்வளவுதான். விற்க ஆரம்பித்தால்தான் தலைவலி. கல்யாணத்துக்கு முந்நூறு பேர் என்று சமைத்திருக்கும்போது ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்த மாதிரி. காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தால் அது அவர் கவலை. நாமே சமையல்காரரைப் பிடித்திருந்தால், மாப்பிள்ளையே அரிசி மூட்டை தேடி ஓட வேண்டும்.

அந்தக் குழுவும் கடைசிவரை தனியாக ஓடவில்லை. கடைகளுக்குச் சரக்கு சேர்க்க ‘ஆல்டர்னேட்டிவ் டிஸ்ட்ரிபியூஷன் அலையன்ஸ்’ என்ற விநியோக நிறுவனத்தை வைத்துக்கொண்டார்கள். அது வார்னர் குழுமத்தைச் சேர்ந்தது. பிரிட்டனில் 2006 ஜனவரியில் விச்சிட்டா என்ற லேபிள் அதே ஆல்பத்தை வெளியிட்டது. அதாவது, லேபிளே வேண்டாம் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆல்பத்துக்கே ஒரு பெரிய கம்பெனியின் லாரியும், கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு லேபிளும் தேவைப்பட்டன. ஆனால் யாரைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது என்பதை முடிவு செய்தது அவர்கள். ஆல்பம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோது பேரம் பேசினார்கள். அதற்கு முன்னால் பேசியிருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சரி, எதிர்ப்பக்கம். பெரிய லேபிள். அக்கா மகனை அப்படி யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் கனவு காண்கிறான், அதனால் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993-ல் ‘தி பேஃப்ளர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடைசிப் பக்கம் முழுக்கக் கணக்கு. கற்பனைக் குழு ஒன்று இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் வாங்கி, இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. கடையில் வசூல் முப்பது லட்சம் டாலர். குழுவின் ராயல்டி, விலையில் தொண்ணூறு சதவீதத்துக்கு 13 சதவீதம் என்று போட்டால் 3,51,000. அதிலிருந்து முன்பணம் 2,50,000 கழிகிறது. தயாரிப்பாளர் பங்கு 40,000. விளம்பரச் செலவு 25,000. பழைய லேபிளிடமிருந்து விடுவித்த செலவு 50,000. கூட்டிக் கழித்தால் குழு லேபிளுக்கு 14,000 டாலர் பாக்கி வைத்திருக்கிறது! லேபிளுக்குக் கிடைத்த லாபம் 7,10,000. முன்பணம் உட்பட எல்லா வரவிலும் செலவு போக, குழுவில் ஆளுக்குக் கையில் நின்றது 4,031 டாலர் 25 சென்ட். அந்த 25 சென்ட்டை அவர் விடாமல் எழுதியிருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முன்பணம் என்பது சம்பளம் இல்லை, நம் ராயல்டியின் மேல் நாமே வாங்கும் கடன். அதை ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்வதை ‘ரீகூப்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். விற்காவிட்டால் பெரும்பாலும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடன் தீரும்வரை ராயல்டி என்ற பேச்சே கிடையாது. கடன் தீர்ந்தாலும் மாஸ்டர், அதாவது ஒலிப்பதிவின் உரிமை, அவர்களுடையது. நம் சம்பளத்தில் தவணை கட்டி முடித்த வீட்டின் பத்திரம் பேங்க் பெயரிலேயே இருப்பதை யாராவது ஒத்துக்கொள்வோமா?

பணத்தைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஸ்பூன் குழுவை எலெக்ட்ரா என்ற பெரிய லேபிள் சேர்த்துக்கொண்டு 1998-ல் ஓர் ஆல்பத்தை வெளியிட்டது. அவர்களைப் பிடித்து உள்ளே கொண்டுவந்த அதிகாரி வெளியேறினார். வெளிவந்து சில மாதங்களிலேயே குழுவையும் கழற்றிவிட்டார்கள். கோபத்தில் அந்த அதிகாரியின் பெயரை வைத்தே இரண்டு பாட்டு எழுதினார்கள், பாட்டு என்னவோ நல்ல பாட்டு. பெரிய கம்பெனியில் நம்மைப் பிடித்திருப்பது கம்பெனிக்கு இல்லை, அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆளுக்கு. அவர் கிளம்பினால் நாம் அநாதை.

ஸ்பூன் பிறகு போய்ச் சேர்ந்தது வட கரோலினாவின் மெர்ஜ் என்ற சின்ன லேபிளில். 2001-லிருந்து அவர்களுக்கு நல்ல காலம். மெர்ஜை 1989-ல் தொடங்கியவர்கள் மேக் மெக்காகன், லாரா பாலன்ஸ். இருவரும் சூப்பர்சங்க் என்ற குழுவில் வாசித்தவர்கள், தங்கள் பாட்டையும் நண்பர்கள் பாட்டையும் வெளியிடத்தான் ஆரம்பித்தார்கள். இப்படிப் பார்த்தால் நல்ல சின்ன லேபிள் என்பதே, ஒரு குழுவின் சொந்த வெளியீடு வளர்ந்து அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைக்க ஆரம்பித்த கதைதான். மான்ட்ரியாலின் ஆர்கேட் ஃபயர் 2003-ல் ஒரு சின்னத் தட்டைத் தாங்களே போட்டுக் கச்சேரிகளில் விற்றார்கள். முதல் முழு ஆல்பத்தை 2004 செப்டம்பரில் மெர்ஜிடம் கொடுத்தார்கள். அதே பிட்ச்ஃபோர்க் 9.7 கொடுத்தது. அங்கேயும் சரக்குத் தீர்ந்து திண்டாட்டம்தான். ஆனால் திண்டாடியது, பதினைந்து வருடமாக அச்சகத்துக்கும் கடைக்கும் போன் போட்டுப் பழகிய ஆட்கள். குழு வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தது.

2004-ம் 2005-ம் பக்கத்துப் பக்கத்து வருடங்கள். இரண்டும் முதல் ஆல்பங்கள், இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து புகழ். இரண்டு குழுக்களில் எது பெரிதாயிற்று என்று பார்த்தால் ஆர்கேட் ஃபயர்தான். அவர்கள் 2011-ல் மெர்ஜில் இருந்துகொண்டே ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார்கள். லேபிள்தான் காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை, பாட்டு வேறு, மேடையில் அவர்கள் ஆடும் ஆட்டம் வேறு. கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் குழுவில் ஒவ்வொருவராக விலகி, ஔன்ஸ்வொர்த் மட்டும் அந்தப் பெயரில் தொடர்கிறார். ரசிகர்களின் வீட்டு வரவேற்பறைகளில் வாசிக்கும் சுற்றுப்பயணங்கள்கூடப் போயிருக்கிறார். இதைத் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் யாருக்கும் பாக்கி இல்லாமல் பாடுவதில் எனக்குத் தோல்வி எதுவும் தெரியவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டை, ஸ்பீக்கர் கிழிந்தது போல வேண்டுமென்றே கரகரவென்று வைத்தார்கள். கேட்கிறவனுக்குக் கடையில் வாங்கிய தட்டு பழுதோ என்று சந்தேகம் வரும். “வேண்டாம்ப்பா” என்று சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம். முதல் ஆல்பத்தில் எது அவர்களைக் காப்பாற்றியது என்று மேலே சொன்னேனோ, அதுவேதான் இரண்டாவதில் காலை வாரியது.

சின்ன லேபிளின் கணக்கு சுலபம். சிகாகோவின் டச் அண்ட் கோ, செலவு போக வருவதைக் குழுவோடு பாதிப்பாதி பிரித்துக்கொண்டது, பல காலம் கைகுலுக்கலிலேயே ஒப்பந்தம். அக்கா மகனுக்கு வந்திருப்பதும் பாதிப்பாதிதான். ‘செலவு போக’ என்பதற்குள் என்னென்ன வரும் என்பதைத்தான் எழுதி வாங்க வேண்டும்.

லேபிள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை கார் சீட் ஹெட்ரெஸ்ட். வில் டொலீடோ என்ற பையன், வீட்டில் பாட வெட்கப்பட்டுக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தான், பெயரும் அதிலிருந்து வந்தது. 2010-லிருந்து, கலைஞர்கள் பாட்டை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பம் ஆல்பமாகத் தானே ஏற்றினான். 2015-ல் மாட்டடார் லேபிள் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் வெளிவரவிருந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் தி கார்ஸ் குழுவின் பழைய பாட்டுத் துண்டு ஒன்று இருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் அந்தக் குழுவின் ரிக் ஒகாசெக் மறுத்துவிட்டார். கடைகளுக்குப் போன தட்டுகளைத் திரும்ப வாங்கி அழித்தார்கள். டொலீடோ அந்தப் பாட்டை மாற்றி எழுதினார். இணைய வெளியீடு தேதி தவறாமல் நடந்தது, கடைக்கு வரும் தட்டுகள் தள்ளிப்போயின. அழித்த தட்டுகளின் செலவைத் தாங்க லேபிள் இருந்தது. காரில் உட்கார்ந்து பாடிய பையன் தனியாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

இனி, நாமே போடுவது. இன்றைய நிலவரம் 2005 போல இல்லை. ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் பாட்டை நேரடியாக ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகச் சேவை வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு வருமானத்தில் பங்கு கேட்காது. சந்தாவை நிறுத்தினால், அதற்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய, பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி ஒரு தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பேண்டில் நாலு பேரும் நாலு வருடத்தில் நாலு திசைக்குப் போகக்கூடிய வயசு, சந்தாவை யார் ஞாபகமாகக் கட்டுவார்கள்? எனக்கு ஒரே தடவை கட்டுவதுதான் நிம்மதி.

ஸ்பாட்டிஃபையில் பாட்டைக் கேட்பதற்குக் கிடைக்கும் காசு, ஒரு கேட்புக்குச் சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, கூடிப்போனால் அரை சென்ட். 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் அதற்கு அந்தக் காசும் கிடையாது. பேண்ட்கேம்பில் பத்து டாலருக்கு ஆல்பத்தை விற்றால் தளம் 15 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. எட்டு டாலருக்குக் கிட்டே கையில் நிற்கும். அந்த எட்டு டாலரை ஸ்பாட்டிஃபையில் பார்க்க ஏறக்குறைய இரண்டாயிரம் கேட்புகள் வேண்டும். அதனால் பேண்ட்கேம்பில் முதலில் போடு, மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். அந்தத் தளமும் 2022-ல் ஒருமுறை, 2023-ல் ஒருமுறை கைமாறியது, வாங்கியவர்களின் முகவரியை உன் பக்கமும் வைத்துக்கொள் என்றும் சொன்னேன்.

தாங்களே போடுபவர்கள் கோட்டைவிடும் இடம் இன்னொன்று உண்டு. பாட்டு எழுதியவருக்கான பணம் வேறு, ஒலிப்பதிவுக்கான பணம் வேறு. இவற்றை வசூலித்துக் கொடுக்கத் தனித்தனி அமைப்புகள் உண்டு. அமெரிக்காவில் முதலாவதுக்கு ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ, கூடவே 2021-ல் தொடங்கிய மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ். இணைய வானொலிக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். இதில் பாதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் பாடி வாசித்த குழுவுக்கு, மீதி 5 துணைக்கலைஞர்களுக்கு. சொந்தமாகப் போட்டால் பாதியும் 45-ம் ஒரே வீட்டுக்கு வரும். ஆனால் போய்ப் பதிவு செய்தால்தான் வரும். லேபிளில் இதைச் செய்ய ஒரு ஆள் இருப்பார். பேண்டில் அந்த ஆள் யார் என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் டிரம்மரைக் கை காட்டுகிறார்களாம்.

வினைல் என்கிற பழைய பாணி இசைத்தட்டின் மேல்தான் எல்லோருக்கும் ஆசை. இவன் ஆல்பம் 47 நிமிடம். வினைலில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை வசதி. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும், உள்வட்டத்துக்கு வரும் கடைசிப் பாட்டில் ஜால்ராச் சத்தம் மங்கும். இவனுக்கு ஒவ்வொரு பக்கமும் இருபத்து மூன்றரை வருகிறது. இரட்டைத் தட்டு என்றால் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏழு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது, அதைத் தட்டில் மட்டும் சேர்க்காதே என்றேன். அதுதான் அவன் எழுதிய பாட்டாம். பேச்சை மாற்றிவிட்டேன்.

நடுவழி ஒன்று உண்டு, கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் போனது. உரிமை நம்மிடம், விநியோகம் மட்டும் வெளியே. கேட்க நன்றாக இருக்கும். கடைக்குப் போன தட்டு விற்காவிட்டால் திரும்பி வரும் என்பதும், விற்றாலும் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதும் அதில் மறைந்திருக்கும் செலவு. மறு அச்சுக்கு இன்று பணம் கட்ட வேண்டும், முதல் அச்சின் வசூல் மூன்று மாதம் கழித்து. விநியோகஸ்தர் விழுந்தால் நம் பணமும் சேர்ந்து போகும். 1991-ல் பிரிட்டனில் ரஃப் டிரேட் விநியோகம் சரிந்தபோது பல சின்ன லேபிள்கள் பணத்தைத் தொலைத்தன. ரசிகர்களிடம் முன்கூட்டியே வசூலிக்கலாமே என்றால், அதற்கென்றே இருந்த பிளெட்ஜ்மியூசிக் 2019-ல் மூழ்கியபோது ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்கு வந்து சேரவில்லை. முன்வசூல் செய்வதானால் பணம் நேராக உன் கணக்கில் விழ வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க என்னதான் சொல்றீங்க?” என்றான்.

இவனுக்கு நான் சொன்னது: இதுவரை நீங்கள் வாசித்த கச்சேரிகளில் அதிகபட்சம் எத்தனை பேர் வந்தார்கள்? நூற்றிருபது. அந்த நூற்றிருபது பேருக்கு லேபிள் தேவையில்லை. பேண்ட்கேம்பில் போடு, முந்நூறு சிடி அடி, மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு விற்றுக்கொள். ஆனால் கேட்பது எந்த லேபிள் என்பதும் முக்கியம். அவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு குழுவுக்குப் போன் போட்டு, கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று விசாரி. வருகிறது என்றால், நேராக அவர்களிடம் கொடுத்துவிடுவதே மேல். ஏனென்றால் உங்கள் நாலு பேரில் உறை ஒட்டுகிற ஜாதி ஒருத்தன்கூட இல்லை. இதை அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒப்பந்த நகலை அனுப்பினான். பதினொரு பக்கம். பாதிப்பாதி சரியாக இருந்தது. விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. உரிமை எத்தனை வருடத்துக்கு என்ற இடத்தில் ‘என்றென்றைக்கும்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ஏழு வருடம் என்று எழுதி அனுப்பு, ஒத்துக்கொண்டால் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் முந்நூறு சிடி என்றேன். அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. இதற்குள் அக்கா கூப்பிட்டு, வீட்டில் பெரிய சைஸ் கவர் எவ்வளவு வாங்கி வைக்கட்டும் என்று கேட்கிறாள்.